பதின்மூவாயிரம் அடியில் ஒரு பெட்டிக் காற்று

எங்கள் விமானத்தில் ஆறு பேர் உட்காரலாம். ஆனால் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, தரையில் ஒரு பெரிய துளை போட்டு, அதன்மேல் கேமராவைப் பொருத்தியிருந்தோம். முன்னால் கேப்டன், பின்னால் கேமராவோடு நான். காலையில் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்புவோம். கிழக்கே மலைத்தொடருக்கு மேலே, வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி போவதும் திரும்புவதுமாக நேர்கோடுகளில் பறந்து, கீழே உள்ள காட்டை ஓரிடம் விடாமல் படம் எடுப்போம். வரைபடம் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு அந்த வேலை. இது நடந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எடுக்கிற படங்கள் எல்லாம் கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த ஹார்ட் டிஸ்கில் போய்ச் சேரும். கடற்கரை வேலை முழுவதையும் அதை வைத்துத்தான் முடித்திருந்தோம். ஐயாயிரம், ஆறாயிரம் அடியில் ஒரு தொந்தரவும் இல்லை. மலை வேலைக்குத்தான் பதின்மூவாயிரம் அடி போக வேண்டியிருந்தது.

முதல் நாள் நாலாவது கோட்டில் இருந்தபோது டிஸ்க் 'டிக், டிக்' என்றது. இன்ஜின் சத்தத்தையும் தாண்டி அது எனக்குக் கேட்டது. திரையில் சிவப்பு எழுத்து வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. கேப்டனிடம் சொன்னேன். அவர் விமானத்தைத் திருப்பினார். மூன்று நாள் கழித்துப் புது டிஸ்கோடு போனோம். அதுவும் அதே மாதிரி செத்தது. இரண்டு நாளும் எடுத்த படங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பது வருஷத்தில் சில வாரங்கள்தான். ஜனவரி, பிப்ரவரி, மிஞ்சினால் மார்ச் பாதி. அதிலும் பத்தரை மணிக்குள் மேகம் ஏறிவிடும். இரண்டு நல்ல காலைகள் வீணானதில் மானேஜர் கொதித்துப் போயிருந்தார். எல்லாரையும் அறையில் உட்கார வைத்து, "யாருடைய மிஸ்டேக்?" என்று கேட்டார்.

எனக்கு முன்னால்தான் அவர் நின்றார். நான் யோசிக்கவில்லை. "டிஸ்கை ரெடி பண்ணித் தந்தது டீச்சர்தானே சார். ஃபார்மட் பண்றதுல ஏதோ தப்பாயிருக்கும்" என்றேன்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் சொல்லிக்கொடுக்கும் ஒரு சென்டரில் கொஞ்ச காலம் வகுப்பு எடுத்துவிட்டு எங்களிடம் ஒப்பந்த வேலைக்கு வந்த பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பாறசாலைப் பக்கம் எல்லையோரத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தினமும் காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போவார். பழைய வேலையின் பேர் அவரோடு ஒட்டிக்கொண்டது. மானேஜர்கூட டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அவர் அந்த அறையில்தான், கதவோரம் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டு டிஸ்கும் எங்கிட்ட தாங்க சார். தெறந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் அவர் மேஜைக்குக் கூப்பிட்டார். திறந்து போட்ட டிஸ்க் கண்ணாடி மாதிரி மின்னியது. அதன் நடுவில், பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய வட்டக் கீறல்.

"இது ஃபார்மட் பண்ணினதுல வந்ததில்ல சார்" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "இந்தத் தட்டு சுத்துதில்லா, அதுக்கு மேல இந்தச் சின்ன முனை மெதந்துட்டு நிக்கணும். தொடவே கூடாது. எது மேல மெதக்குது? காத்து மேல. தட்டு சுத்துத வேகத்துல காத்து மெத்தை மாதிரி முனையைத் தூக்கிப் பிடிக்கும். காத்து கொறைஞ்சா?"

"முனை கீழே இறங்கும்."

"எறங்கி உரசும். உரசினதுதான் இது."

டிஸ்கின் மூடியைத் திருப்பிக் காட்டினார். அதில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. பக்கத்தில், 'இந்தத் துளையை மூடாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. நான் எத்தனையோ டிஸ்குகளைக் கையில் எடுத்திருக்கிறேன். அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். எதற்காக என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"இது வழியாத்தான் அது மூச்சு விடுது. வெளிய எவ்வளவு காத்தோ அவ்வளவுதான் உள்ள" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பத்தாயிரம் அடிக்கு மேல போனா நீங்க ரெண்டு பேரும் மூக்குல ஆக்ஸிஜன் குழாய் வச்சுக்கிடுதீங்க இல்லியா? அதுக்கு?"

எங்கள் விமானத்துக்குள், பயணிகள் விமானத்தில் போலக் காற்றை அழுத்தி வைக்கும் வசதி கிடையாது. நாங்கள் குழாய் வைத்துக்கொண்டு உயிரோடிருந்தோம். பக்கத்தில் அது மூச்சுத் திணறிச் செத்தது.

பிறகு அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். டிஸ்க் வாங்கியபோது கூடவே வந்த விவரத்தாள். எவ்வளவு உயரம் வரை இயங்கும் என்ற வரியில் 3,048 மீட்டர் என்று இருந்தது. கணக்குப் போட்டால் சரியாகப் பத்தாயிரம் அடி. தாளின் அடியில், 'பார்த்துச் சரி என்று ஏற்றுக்கொண்டேன்' என்ற முத்திரைக்குக் கீழே ஒரு கையெழுத்து. என்னுடையது.

என் காது சூடானது. டீச்சரும் அந்தக் கையெழுத்தைப் பார்த்திருக்கிறார். பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் ஒன்றும் சொல்லாமல் தாளை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார். "மானேஜர் சார்கிட்ட, இது உயரப் பிரச்சனைன்னு மட்டும் சொல்லுவோம். இனி என்ன செய்யலாம்னு பாப்போம்" என்றார்.

அன்று சாயங்காலம் கரமனையில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்தப் பொண்ணு மேல பழியப் போட்டேளா? பத்துப் பேருக்கு முன்னாடியா? அப்போ பத்துப் பேருக்கு முன்னாடிதான் எடுக்கணும்" என்றாள். சரி என்றேன். சொல்வதற்கு எனக்கு ஒரு மாசம் ஆயிற்று.

உயரத்தைக் குறைத்தால் என்ன என்று மானேஜர் கேட்டார். கேப்டன் முடியாது என்றார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மலையாளி, தாம்பரத்திலும் சூலூரிலும் இருந்த வருஷங்களில் தமிழ் கற்றிருந்தார். "மலைக்குத் தொட்டு மேலே காத்து அடிச்சுக் கலக்கும் சாரே. போட்டோ ஒண்ணும் நேரே வராது" என்றார். சுற்றும் தட்டு இல்லாத நவீன டிஸ்க் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அது வந்து சேர்வதற்குள் மழைக்காலமே வந்துவிடும்.

"டிஸ்கை ஒரு பெட்டிக்குள்ள வச்சு, காத்து போகாம அடைச்சிருவோம்" என்றார் டீச்சர். "இங்க கடற்கரைல உள்ள காத்த அப்படியே உள்ள வச்சுக் கொண்டு போவோம். விமானம் எங்க போனாலும் டிஸ்குக்கு அது திருவனந்தபுரந்தான்."

மானேஜர் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பழைய உயரமானியைக் கொண்டுவந்து டீச்சர் கையில் கொடுத்தார். கடிகாரம் மாதிரி முள் உள்ள கருவி. எப்போதோ கழித்துப்போட்ட பயிற்சி விமானத்தில் இருந்தது. காற்று குறையக் குறைய முள் ஏறும். "இதைப் பெட்டிக்கு உள்ளே வெச்சா, டிஸ்க் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு இதுவே சொல்லும்" என்றார்.

முதலில் தன் எண்ணம் சரியா என்று பார்க்க வேண்டும் என்றார் டீச்சர். அதற்குக் காற்றை உறிஞ்சும் பம்ப் வேண்டும். ஆரியசாலை சந்து ஒன்றில் குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கிறவர் ஒருவர் இருந்தார், திருநெல்வேலிக்காரர். அவரிடம் அந்தப் பம்ப் உண்டு. பக்கத்துப் பாத்திரக் கடையில் ஹோட்டலுக்கு வாங்குகிற பெரிய குக்கரை வாங்கினோம். அதன் மூடியை எடுத்துவிட்டு, ரப்பர் வளையம் வைத்து, விரல் தடிமனுக்கு ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகையை மேலே வைத்தோம். பலகையில் ஒரு துளை வழியாகப் பம்பின் குழாய், இன்னொன்று வழியாக டிஸ்கின் ஒயர். உள்ளே ஒரு டிஸ்க்; பக்கத்தில் கேப்டனின் உயரமானி.

"என்ன சார், குக்கர்ல கம்ப்யூட்டர வேக வைக்கப் போறியளா?" என்று கேட்டார் பழுது பார்க்கிறவர். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

பம்ப் ஓடியது. முள் ஏறத் தொடங்கியது. மூவாயிரம், நாலாயிரம். "பொன்முடி மலையைத் தாண்டியாச்சு" என்றேன். ஆறாயிரத்து இருநூறில் முள் அகஸ்தியர் மலையையும் தாண்டியது. மிளகாய் வத்தல் நெடி அடிக்கிற அந்தச் சந்தில், ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்தபடி நாங்கள் மேலே போய்க்கொண்டிருந்தோம். டிஸ்கின் ரீங்காரம் மாறவே இல்லை. பத்தாயிரம். டீச்சர் காதைப் பலகையில் வைத்துக்கொண்டார். பதினோராயிரத்தைத் தாண்டியபோது சத்தம் கொஞ்சம் கரகரத்தது. பன்னிரண்டாயிரத்தில் 'டிக்' என்றது. மறுபடி 'டிக், டிக்'. நான் வானத்தில் கேட்ட அதே சத்தம்.

"போதும், நிறுத்துங்க" என்றார் டீச்சர். அவர் முகத்தில் ஜெயித்த சந்தோஷத்தைத் தேடினேன். அது இல்லை. நோட்டை எடுத்து நேரத்தையும் உயரத்தையும் எழுதினார். பிறகு எங்களைப் பார்த்து, "ஒரு நல்ல டிஸ்கைக் கொன்னுட்டேன்" என்றார்.

பெட்டி செய்ய இரண்டு வாரம் பிடித்தது. கெட்டியான அலுமினியம், மூடிக்கு ரப்பர் வளையம், பன்னிரண்டு போல்ட். அடைத்த பெட்டிக்குள் டிஸ்க் சூடாகுமே என்று கேட்டேன். அதையும் அவர் யோசித்திருந்தார். டிஸ்கைப் பெட்டியின் சுவரோடு சேர்த்து முடுக்கினார். சூடு அலுமினியத்தில் ஏறி வெளியே போய்விடும். உயரமானியைப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல். இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் தனக்குத்தானே கேட்டு, பதில் கிடைக்கிறவரை அடுத்ததற்குப் போகமாட்டார். நான் பக்கத்தில் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி வேலை செய்கிற ஒருவரைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

பெட்டி முடிந்ததும், தானும் விமானத்தில் வரவேண்டும் என்றார். "சார் கேமராவப் பாக்கணும். முள்ளை யாரு பாப்பா?"

அதுவரை அவர் எந்த விமானத்திலும் ஏறியதில்லை. காலையில் ஏணிப்படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்தேன். கேப்டனும் பார்த்தார்.

"டீச்சரே, பயம் உண்டோ?"

"நல்லா உண்டு சார்" என்றார். "ஆனா வரணும்."

கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபித்துவிட்டு ஏறி, எனக்குப் பின்னால் அவருக்காகத் திரும்ப மாட்டிய இருக்கையில் உட்கார்ந்தார்.

கடலைப் பார்த்துக் கிளம்பி, திரும்பி, நகரத்துக்கு மேலே ஏறினோம். கல்லாறு பாறைகளுக்கு நடுவே வெள்ளி மாதிரி தெரிந்தது. டீச்சர் கீழே பார்க்கவே இல்லை. கண் முழுக்கப் பெட்டியின் ஜன்னலில். பத்தாயிரம் அடியில் மூன்று பேரும் மூக்குக் குழாயை வைத்துக்கொண்டோம். பெட்டிக்குள் முள் ஆயிரத்தில் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் மலைகளுக்கெல்லாம் மேல். டிஸ்க் இன்னும் பொன்முடியைக்கூடத் தாண்டவில்லை.

பதின்மூவாயிரத்தில் முதல் கோட்டைத் தொடங்குவதற்கு முன் டீச்சர் என் தோளைத் தட்டினார். முள் மூவாயிரத்தில் இருந்தது. பெட்டியில் எங்கோ கசிகிறது.

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நோட்டில் எழுதினார். காத்திருந்தார். மறுபடி எழுதினார். பிறகு ஹெட்போனில் நிதானமாகச் சொன்னார்:

"கேப்டன் சார், பெட்டி லீக் ஆகுது. ஆயிரம் அடி ஏற ஆறு நிமிஷம் எடுக்கு. ஒம்பதாயிரத்துல நான் டிஸ்கை நிறுத்துவேன். முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

"நாலு லைன்" என்றார் கேப்டன். அன்றைக்குப் பத்துக் கோடுகள் திட்டம்.

"எந்த நாலு வேணும்னு நீங்க சொல்லுங்க."

கேப்டன் தயங்கவில்லை. மலை முகட்டுக்கு நேர் மேலே உள்ள நாலு கோடுகளைச் சொன்னார். மேகம் முதலில் மூடுவது அங்கேதான். மற்றவற்றை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். விமானம் சாய்ந்து திரும்பியது. நான் கேமராவை இயக்கினேன். டீச்சர் ஒவ்வொரு ஆயிரத்தையும் வாய்விட்டுச் சொன்னார். நாலாயிரம். ஐயாயிரம். முதல் கோடு, இரண்டாவது. ஏழாயிரம். கீழே அகஸ்தியர் மலையின் கூம்பு, அதன் நிழல் மேற்கே காட்டின் மேல் நீளமாக விழுந்திருந்தது. மூன்றாவது. எட்டாயிரம். நாலாவது கோட்டின் கடைசிப் படம் விழுந்தபோது முள் ஒன்பதாயிரத்துக்கு ஒரு நூலிழை கீழே.

"வெதர் சூப்பர்" என்றார் கேப்டன். "இன்னும் ஒண்ணு எடுக்கலாம். பத்தாயிரம் வரை ஓடும்னு பேப்பர்ல இருக்கல்லோ?"

எனக்கும் ஆசையாக இருந்தது. ஐந்தாவது கோடு கண்ணுக்கு முன்னால், ஒரு மேகம் இல்லாமல் கிடந்தது. என் கை சுவிட்சுக்கு மேலேதான் இருந்தது.

"வேண்டாம் சார்" என்றார் டீச்சர். "பாதிக் கோட்டுல போச்சுன்னா நாலும் போயிரும். எடுத்தது இருக்கட்டும். நிறுத்துங்க."

நான் நிறுத்தினேன். டிஸ்கின் ரீங்காரம் தாழ்ந்து தாழ்ந்து அடங்கியது. இருபது வருஷம் பறந்த கேப்டன், முதல்முறை விமானத்தில் ஏறியவரிடம் "ஓகே டீச்சர்" என்று சொல்லிவிட்டு விமானத்தை இறக்கினார். அவர் மறுபேச்சுப் பேசாததும் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

சங்குமுகத்துப் பக்கம் இருந்த அலுவலகத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல் டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினோம். நாலு கோடுகளும் வந்தன. ஒரு படம் குறையவில்லை. மரங்களின் தலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மானேஜர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். டீச்சர் அப்போதுதான் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தார். விமானத்தில் அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்திருக்கிறார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர், "ஒரு பெரிய டப்புல தண்ணி வேணும்" என்றார். சைக்கிள் கடையில் டியூபைப் பார்க்கிற மாதிரி, டிஸ்கை எடுத்துவிட்டு வெறும் பெட்டியை மூடி, உள்ளே காற்றடித்துத் தண்ணீரில் முக்கினார். ஒயர் நுழைகிற இடத்தில் கடுகு கடுகாகக் குமிழி வந்தது. அந்த இடத்தைப் பசை போட்டு அடைத்தார். அடுத்த முறை பறந்தபோது முள் எழுநூறைத் தாண்டவே இல்லை. பத்துக் கோடு, அடுத்த நாள் பன்னிரண்டு. மார்ச் இரண்டாம் வாரத்தில், இடிமேகம் திரளத் தொடங்குவதற்கு முன்னால், மலை முழுவதும் எங்கள் டிஸ்குகளில் இருந்தது.

வேலை முடிந்த அன்று மானேஜர் எல்லாருக்கும் பழம்பொரியும் டீயும் வாங்கித் தந்தார். அதே அறை, அதே ஆட்கள். நான் எழுந்து நின்றேன். பேச்சு சரியாக வரவில்லை. முதல் இரண்டு டிஸ்கும் செத்ததற்கு டீச்சர் காரணம் இல்லை, விவரத்தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான், அது தெரிந்தும் அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று சொல்லி, அந்தத் தாளை மானேஜர் முன்னால் வைத்தேன்.

"சார், பழம்பொரி ஆறுது" என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த ஒரு மாசமும் அது அவருக்குள் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீக்கிரம் சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருஷம் சுற்றாத டிஸ்குகள் வந்துவிட்டன; பெட்டிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. கருவிகளுக்கென்று ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள். அதைப் பார்த்துக்கொள்ள மானேஜர் என்னைக் கூப்பிட்டார். டீச்சர் இருக்கும்போது நான் அதில் உட்கார்ந்தால் எனக்கே வெட்கமாக இருக்கும் என்றேன். அவர் ஒப்பந்த ஆள் ஆயிற்றே என்று மானேஜர் இழுத்தார். "பெர்மனென்ட் ஆக்கிக்கோ. அத்ரே உள்ளூ, அவ்வளவுதானே" என்றார் கேப்டன். அப்படியே ஆயிற்று. ஐந்து வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். ஒருநாள்கூட அந்தக் கூட்டத்தைப் பற்றி அவர் பேசியதில்லை.

பிறகு ஆளில்லா விமானங்கள் செய்கிற ஒரு நிறுவனம் பெங்களூரிலிருந்து அவரைக் கூப்பிட்டது. வேலையில் சேரப் பெரிய பயணிகள் விமானத்தில் போனார். போய் இறங்கியதும் எனக்கு போன் செய்தார்.

"சார், இந்த விமானத்துல ஜன்னல் வழியாப் பாத்தா ஒண்ணுமே தெரியல்ல, வெறும் மேகம். அன்னைக்கு நான் அகஸ்தியர் மலையைக் கீழ குனிஞ்சு ஒரு தடவையாவது பாத்திருக்கணும், இல்லியா?"

அந்த நாலு கோட்டுப் படங்களிலிருந்து, மலையின் கூம்பும் நிழலும் இருந்த ஒன்றைப் பெரிதாக அச்சடித்து அவருக்கு அனுப்பினேன்.